சில்லுக்குள் தற்செயல்: நம்பிக்கை, சரிபார்ப்பு, அதிகாரம்

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நண்பரின் அறையில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். கண்டன அறிக்கை ஒன்றுக்குக் கையெழுத்து வாங்குவது பற்றிய பேச்சு. யார் யாருக்கு அனுப்புவது, எதில் அனுப்புவது என்று வந்தபோது வயதில் இளைய தோழர் ஒருவர், "பயப்படாதீங்க தோழர், இப்ப எல்லாமே பூட்டுப் போட்டுத்தான் போகுது, நடுவுல யாரும் படிக்க முடியாது" என்றார். நியாயமான பேச்சுதான். அச்சகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், டீயை உறிஞ்சிக்கொண்டே, "பூட்டு சரி, சாவிய யாரு செஞ்சது?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. இளைய தோழர் கொஞ்சம் யோசித்துவிட்டு "போனே செஞ்சுக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. உண்மையில் அதுதான் சரியான பதில். சாவியைப் போன்தான் செய்துகொள்கிறது. எப்படிச் செய்கிறது, யார் செய்து கொடுத்த கருவியை வைத்துச் செய்கிறது, அது ஒழுங்காகச் செய்கிறதா என்று நாம் எப்படித் தெரிந்துகொள்வது என்பவைதான் இங்கே பேச வேண்டியவை.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். மின்னணுவியல் என் துறை இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுகிறவர்களின் பாதுகாப்பு ஒரு பொருளின் மேல் நிற்கிறது என்றால், அந்தப் பொருளைப் பற்றி விசாரிக்கும் வேலையை நிபுணர்களிடம் விட்டுவிட்டு நாம் கவிதை விமர்சனம் மட்டும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

1

முதலில் பூட்டைப் பற்றி. ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற டச்சுக்காரர், பாரிசில் மொழிகள் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1883இல் ராணுவ மறையெழுத்து குறித்து ஒரு கட்டுரை எழுதினார். மறைத்து எழுதும் முறை எதிரியின் கையில் சிக்கினாலும் பாதகம் இல்லாதபடி இருக்க வேண்டும், சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்பது அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. இன்றைய மறையாக்கம் முழுக்க இந்த நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது. பூட்டின் வரைபடம் ஊருக்கே தெரியும். இப்போது உலகம் முழுதும் புழங்கும் ஏ.ஈ.எஸ். என்ற பூட்டு அப்படித்தான் வந்தது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1997இல் பகிரங்கப் போட்டி அறிவித்தது. 15 முறைகள் போட்டிக்கு வந்தன. ஒருவர் முறையை மற்றவர் உடைத்துப் பார்த்தார்கள். 2000இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் செய்த முறை தேர்வாகி, 2001இல் தரமாயிற்று. யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், உடைக்க முயலலாம்.

அப்படியானால் ரகசியம் முழுதும் சாவிக்குள் ஒதுங்கிவிடுகிறது. சாவி என்பது ஒரு எண், அவ்வளவுதான். ஏ.ஈ.எஸ்.ஸின் மிகச் சிறிய சாவி 128 பிட் நீளம். அதாவது 128 தடவை காசைச் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் சுழியம் என்று வரிசையாக எழுதிக்கொள்வதற்குச் சமம். அப்படிக் கிடைக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது நடக்காத காரியம். ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு சொல்லைச் சார்ந்திருக்கிறது: உண்மையாகவே 'சுண்டி' எடுத்திருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கம்ப்யூட்டருக்குச் சுண்டத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம் அது. ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் ஒரே விடை தர வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்டது. அதனிடம் போய் 'யாரும் எதிர்பார்க்க முடியாத ஒன்றைச் சொல்லு' என்று கேட்பது, வரிசை தவறாமல் ஒப்பிக்கப் பழக்கிய பையனிடம் திடீரென்று சொந்தமாக ஒரு கதை சொல்லச் சொல்வது மாதிரி. கணக்குப் போட்டுத் தற்செயல் எண்ணை உண்டாக்கலாம் என்று நினைப்பதை, கம்ப்யூட்டர் கட்டியவர்களில் முன்னோடியான வான் நியூமன் 1951இலேயே பாதி விளையாட்டாகப் பாவம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பாவத்தைத்தான் எல்லோரும் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். ஒரு சிறிய எண்ணை விதையாகப் போட்டு, சூத்திரம் ஒன்றின் வழியாக அதைச் சுற்றிச் சுற்றி விட்டால் பார்வைக்குத் தாறுமாறான எண்கள் கொட்டும். விதை தெரிந்தவனுக்கு அறுவடை முழுதும் தெரியும்.

இது வெறும் கோட்பாட்டுப் பயம் இல்லை. 1995இல் பெர்க்லி மாணவர்கள் இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் இருவரும் அன்று பெரும்பாலோர் பயன்படுத்திய நெட்ஸ்கேப் உலாவியைப் பிரித்துப் பார்த்தார்கள். கடையில் பணம் கட்டும்போது அது போடுகிற பூட்டின் சாவிக்கு விதையாக இருந்தவை அந்த நேரத்தின் மணி, நொடி, இயங்கிக்கொண்டிருந்த நிரலின் வரிசை எண்கள். எளிதாக ஊகிக்கக்கூடியவை. 2006இல் டெபியன் லினக்சில், சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டியது என்பதற்காகப் பராமரிப்பாளர் ஓரிரு வரிகளை நீக்கினார். விதைக்குள் போகவேண்டிய தற்செயல் முழுக்க அந்த வரிகளின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2008 மே மாதம் கண்டுபிடிக்கும்வரை, குறிப்பிட்ட வகையும் அளவும் கொண்ட ஒரு சாவிக்கு 32,768 வாய்ப்புகளுக்கு மேல் இல்லாமல் இருந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாவிகள் சாவி மாதிரியே இருந்தன, பூட்டுகள் ஒழுங்காகப் பூட்டின, திறந்தன. இரண்டு சம்பவங்களிலும் யாரும் பூட்டை உடைக்கவில்லை. சாவி பிறந்த கதையை ஊகித்தார்கள்.

2

கணக்கால் முடியாது என்றால் பௌதிகப் பொருளிடம் போக வேண்டும். இந்த யோசனை கம்ப்யூட்டரின் வயதுடையது. மான்செஸ்டரில் 1951இல் வந்த ஃபெர்ராண்டி மார்க் 1 இயந்திரத்தில், ஆலன் டூரிங்கின் யோசனைப்படி, மின்னிரைச்சலிலிருந்து தற்செயல் எண் எடுக்க ஒரு கட்டளை சேர்க்கப்பட்டது. பிறகு நெடுங்காலம் இது பிராசசரின் வேலை இல்லை என்று விட்டுவிட்டார்கள். விசைப்பலகையில் நாம் தட்டும் இடைவெளி, மவுசை அசைக்கும் விதம், வட்டு சுழலும் நேரத்தில் வரும் சிறு வித்தியாசம் இவற்றை எல்லாம் பொறுக்கிச் சேர்த்து விதையாக்கிக் கொண்டிருந்தார்கள். 1999இல் இன்டெல், பிராசசருக்குப் பக்கத்தில் உட்காரும் துணைச் சில்லு ஒன்றில், மின்தடையின் வெப்ப இரைச்சலைப் பயன்படுத்தும் கருவியை வைத்தது. 2003இல் வியா நிறுவனம் அதைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுபோனது. 2012இல் இன்டெல் தன் 'ஐவி பிரிட்ஜ்' வகைப் பிராசசர்களில் ஆர்டிராண்ட் என்ற கட்டளையை அறிமுகப்படுத்தியது. நிரல் அந்த ஒரு கட்டளையைச் சொன்னால் போதும், தற்செயல் எண் கையில் வந்து விழும்.

உள்ளே நடப்பது இது. ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே இருக்கும் இரண்டு சிறு மின்சுற்றுகளை எதிரெதிராகப் பிணைத்திருக்கிறார்கள். இது ஒன்று என்றால் அது சுழியம், அது ஒன்று என்றால் இது சுழியம். சாதாரணமாக இந்தப் பிணைப்பு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து நிலைத்திருக்கும். ஆர்டிராண்ட் கருவி அதை வலிந்து நடுவில், கத்தி முனையில் காசை நிறுத்துகிற மாதிரி நிறுத்தி விட்டுவிடுகிறது. எந்தப் பக்கம் சாய்வது என்பதை அந்தக் கணத்தில் சில்லிலுள்ள அணுக்களின் வெப்ப அதிர்வு தீர்மானிக்கிறது. மறுபடி நிறுத்துகிறது, மறுபடி சாய்கிறது. இப்படி வருகிற கச்சா இரைச்சலை ஒரு பகுதி சோதிக்கிறது. பிறகு ஏ.ஈ.எஸ். முறையால் அதைப் பிசைந்து கோணல்களை நீக்குகிறார்கள். அப்படிக் கிடைத்ததை விதையாக வைத்து மறுபடி ஒரு சூத்திரம் வேகவேகமாக எண்களைக் கொட்டுகிறது. நிரலின் கைக்கு வருவது இந்தக் கடைசிச் சரக்குதான். கச்சா இரைச்சலைத் தானே எடுத்துப் பார்க்க நிரலுக்கு வழி கிடையாது.

இதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2010இல், ஏ.ஈ.எஸ். பூட்டையும் இன்டெல் பிராசசருக்குள் கொண்டுவந்திருந்தது. ஆறு கட்டளைகள். இதனால் வேகம் கூடியது மட்டும் இல்லை, உண்மையான ஒரு பாதுகாப்பும் கிடைத்தது. மென்பொருளில் ஏ.ஈ.எஸ். செய்யும்போது அட்டவணைகளைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கும். அட்டவணையின் எந்தப் பகுதியைப் பார்த்தது என்பதைப் பொறுத்து நேரம் இம்மி வித்தியாசப்படும். அந்த நேரத்தை அளந்தே சாவியைப் பிடிக்கலாம் என்று 2005இல் டேனியல் பெர்ன்ஸ்டைன் செய்து காட்டினார். சில்லே செய்யும்போது இந்த ஓட்டை அடைபடுகிறது. ஆகவே வன்பொருளுக்குள் போனது எல்லாமே சூழ்ச்சி என்று பேசுவது சோம்பேறித்தனம். அதில் நியாயமான தேவையும் இருந்தது.

3

இப்படியாக, பூட்டும் சாவி செய்யும் பட்டறையும் ஒரே சில்லுக்குள் வந்து உட்கார்ந்தன. இரண்டும் ஒரே மாதிரி விஷயங்கள் போலத் தெரியும். விளம்பரங்களும் அப்படித்தான் சேர்த்துச் சொல்லும். ஆனால் இவற்றுக்கிடையே அடிப்படையான ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தக் கட்டுரை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

பூட்டை நாம் சரிபார்க்கலாம். ஒரு செய்தியையும் ஒரு சாவியையும் சில்லிடம் கொடுத்து ஏ.ஈ.எஸ். செய்யச் சொன்னால் என்ன விடை வர வேண்டும் என்பது பகிரங்கத் தரத்தில் இருக்கிறது. வேறு கம்பெனியின் சில்லில் போட்டுப் பார்க்கலாம். பொறுமை இருந்தால் தாளும் பென்சிலும் வைத்துக்கூடப் போடலாம். விடை பிசகினால் சில்லு தப்பு. தற்செயல் எண்ணை என்ன செய்வது? 'இதுதான் வர வேண்டும்' என்று எதிர்பார்க்க ஒரு விடையே கிடையாது. எதிர்பார்க்க முடிந்தால் அது தற்செயலே இல்லை.

புள்ளியியல் சோதனைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஒன்றும் சுழியமும் சரிபாதி வருகிறதா, ஏதாவது வடிவம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்கும். ஒரு எளிய மோசடியைக் கற்பனை செய்து பாருங்கள். சில்லுக்குள் இரைச்சலே கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு எண்ணையும் தயாரித்தவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு சாவியால் ஏ.ஈ.எஸ். பூட்டுப் போட்டு வெளியே தள்ளுகிறது. இந்தச் சரக்கு எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். நமக்கு அது தூய தற்செயல். அந்த ஒருவனுக்கு அது வாய்ப்பாடு. அதாவது தற்செயல் என்பது எண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் குணம் இல்லை, யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது என்கிற உறவின் பெயர். உறவு என்று வந்துவிட்டால் அங்கே அதிகாரம் பற்றிய கேள்வி தானாக வந்துவிடுகிறது.

4

கற்பனை என்று சொன்னேன். அதற்கு மிக அருகில் போன ஒன்று உண்மையிலேயே நடந்தது. 2006இல் நிஸ்ட் வெளியிட்ட தற்செயல் எண் முறைகளில் 'டூயல் ஈ.சி.' என்று ஒன்று இருந்தது. மற்றவற்றைவிட மெதுவானது. அதில் எங்கிருந்து வந்தன என்று விளக்கப்படாத இரண்டு மாறிலிகள் இருந்தன. அவற்றைத் தேர்ந்தெடுத்தவருக்கு அவற்றுக்கிடையே உள்ள உறவு தெரிந்திருந்தால், கொஞ்சம் எண்களைப் பார்த்தே இனி வரப்போவதை எல்லாம் சொல்லிவிடலாம் என்று 2007இல் டான் ஷுமோ, நீல்ஸ் ஃபெர்குசன் இருவரும் காட்டினார்கள். ஆனாலும் அது தரமாக நீடித்தது. 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களின் அடிப்படையில், அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. மறையாக்கத் தரங்களையே பலவீனப்படுத்த வேலை செய்தது என்று செப்டம்பரில் செய்திகள் வந்தன. அதே மாதம் அந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்றது நிஸ்ட். பின்னர் தரத்திலிருந்தே நீக்கியது. அந்த முறையைத் தன் பொருளில் இயல்பாக வைப்பதற்கு ஆர்.எஸ்.ஏ. நிறுவனம் 1 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்தது என்று ராய்ட்டர்ஸ் அந்த டிசம்பரில் எழுதியது. தெரிந்தே கொல்லைப்புற வாசல் வைக்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது.

டூயல் ஈ.சி. ஒரு பகிரங்க ஆவணம், அதனால்தான் இருவர் படித்துச் சந்தேகப்பட முடிந்தது. சில்லில் அதுவும் முடியாது. 2013இல் ஜார்ஜ் பெக்கர் முதலிய ஆய்வாளர்கள், இன்டெல் கருவி போன்ற ஒரு வடிவமைப்பை எடுத்துக்கொண்டு, தயாரிப்பின்போது சில டிரான்சிஸ்டர்களில் கலக்கும் மாசுப் பொருளை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார்கள். கம்பி ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. நுண்ணோக்கிப் படத்தில் வித்தியாசம் காட்டிக்கொடுக்காது. சில்லின் சொந்தச் சோதனையும் தேறும். நிஸ்ட் புள்ளியியல் சோதனைகளும் தேறும். ஆனால் ஊகிக்க வேண்டிய அளவு 128 பிட்டிலிருந்து, உதாரணத்துக்கு, 32 பிட்டாகச் சுருங்கிவிடும். அது கம்ப்யூட்டருக்குக் கொஞ்ச நேர வேலை. தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் பிரதி, வாசிப்பு, ஆசிரியன் மரணம் என்று நிறையப் பேசின. சில்லு வாசிக்க முடியாத பிரதி. அதன் ஆசிரியன் சாகவில்லை, உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இன்டெல் சில்லில் அப்படி ஒரு வாசல் இருந்ததாக எந்தச் சான்றும் வெளிவரவில்லை. 2012இல் வெளியிலிருந்து நிபுணர்களை வைத்து இன்டெல் ஆய்வு செய்யச் சொன்னது, அவர்களும் வடிவமைப்பு நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். ஆனால் ஆய்வுக்கு விவரங்களைக் கொடுத்ததும் இன்டெல்தான். பிரச்சினை இன்டெல் நல்லவனா கெட்டவனா என்பதில்லை. நல்லவனாகவே இருந்தாலும் அதை நிரூபிக்க அவனிடம் வழியில்லை என்பதுதான்.

சூழ்ச்சி எதுவும் இல்லாத இடத்தில்கூட இந்த நிலைமை ஆபத்தாகிறது. 2019இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் புதிய ரைசன் 3000 வகைப் பிராசசர்கள் சந்தைக்கு வந்தபோது, ஆர்டிராண்ட் கேட்டால் எல்லா பிட்டும் ஒன்றாகவே திரும்பத் திரும்ப ஒரே எண்ணைக் கொடுத்தன. கூடவே 'வேலை வெற்றிகரமாக முடிந்தது' என்ற அடையாளத்தையும் கொடுத்தன. லினக்ஸ் சில இயந்திரங்களில் எழும்பவே இல்லை, ஒரு பிரபல விளையாட்டு ஓடவில்லை. அதனால்தான் குட்டு உடைந்தது, திருத்தமும் வந்தது. பிழை இவ்வளவு முரட்டுத்தனமாக இருந்ததால் பிடிபட்டது. கொஞ்சம் நாசூக்கான பிழையாக இருந்திருந்தால்?

அதற்கும் உதாரணம் இருக்கிறது. தைவானில் குடிமக்களுக்குக் கொடுத்த மின்னணு அட்டைகளின் சில்லுக்குச் சர்வதேசப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இருந்தன. 2013இல் ஆய்வாளர்கள் சிலர் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பகிரங்கச் சாவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து 184 பேரின் ரகசியச் சாவிகளைக் கண்டுபிடித்தார்கள். சில அட்டைகளில் தற்செயல் கருவி ஒழுங்காக வேலை செய்யவில்லை. அந்த அட்டையை வைத்திருந்தவர்களுக்கு என்ன தெரியும்? அரசாங்கம் கொடுத்தது, முத்திரை இருக்கிறது, வேலை செய்கிறது. அவ்வளவுதான்.

சந்தேகப்படுவதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1993இல் அமெரிக்க அரசு 'கிளிப்பர்' என்று ஒரு மறையாக்கச் சில்லை முன்வைத்தது. உள்ளிருந்த முறை என்.எஸ்.ஏ. செய்தது, ரகசியம். ஒவ்வொரு சில்லின் சாவிக்கும் நகல் அரசின் வசம் இருக்கும். பலத்த எதிர்ப்பு எழுந்தது. 1994இல் மாட் பிளேஸ் அதில் ஒரு ஓட்டையைக் காட்டினார். திட்டம் சில வருஷத்தில் படுத்துவிட்டது. கிளிப்பராவது சொல்லிவிட்டுச் செய்தது. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏ.ஜி. கம்பெனி சொல்லாமல் செய்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு மறையாக்க இயந்திரம் விற்ற கம்பெனி அது. 1970இலிருந்து அதன் உண்மையான உரிமையாளர்கள் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மன் உளவு அமைப்பும் என்று 2020இல் அமெரிக்க, ஜெர்மன், சுவிஸ் ஊடகங்கள் சேர்ந்து வெளியிட்டன. ஜெர்மனி தொண்ணூறுகளில் விலகியது, சி.ஐ.ஏ. 2018வரை இருந்தது. வாடிக்கையாளர்களில் இந்தியாவும் உண்டு, பாகிஸ்தானும் உண்டு. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பூட்டு வாங்க, இருவர் சாவியும் மூன்றாமவன் கையில் இருந்திருக்கிறது. நடுநிலை நாடு, நல்ல பெயர், தரமான வேலைப்பாடு என்று நம்பிக்கைக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தன.

5

சரி, என்ன செய்வது? இரண்டு பதில்கள் சட்டென்று வரும். ஒன்று, 'பெரிய கம்பெனி, தப்புப் பண்ண மாட்டான்'. இன்னொன்று, 'எல்லாம் ஏகாதிபத்தியச் சதி, தூக்கி எறி'. இரண்டும் யோசிப்பதிலிருந்து தப்பிக்கும் வழிகள். இரண்டாவதைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012இல் நாடியா ஹெனிங்கர் குழுவினரின் ஆய்வு இருக்கிறது. இணையத்தில் பாதுகாப்பு இணைப்புத் தரும் கருவிகளில் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவிகளை அவர்களால் கணக்கிட முடிந்தது. பெரும்பாலும் ரூட்டர் போன்ற சின்னப் பெட்டிகள். விசைப்பலகை இல்லை, மவுஸ் இல்லை, பொறுக்கிச் சேர்க்க இரைச்சல் இல்லை. முதல் முறை மின்சாரம் கொடுத்தவுடன் சாவி செய்யச் சொன்னால் பக்கத்துப் பெட்டி செய்ததையே இதுவும் செய்கிறது. நல்ல வன்பொருள் கருவி ஒன்று உள்ளே இருந்திருந்தால் அவை தப்பித்திருக்கும்.

லினக்ஸ் கட்டுகிறவர்களிடையே இந்த விவாதம் காரசாரமாக நடந்தது. ஸ்னோடன் செய்திகளுக்குப் பிறகு 2013 செப்டம்பரில் ஆர்டிராண்டை லினக்சிலிருந்து நீக்கு என்று மனு ஒன்று வந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் தன் வழக்கப்படி திட்டித்தான் பதில் சொன்னார். ஆனால் பதிலில் விஷயம் இருந்தது: அதை மட்டும் நாங்கள் நம்பவில்லை, பலவற்றில் ஒன்றாகக் கலக்கிறோம், அது கெட்டதாகவே இருந்தாலும் கலவை கெட்டுப்போகாது. அதே ஆண்டு ஃப்ரீபிஎஸ்டி குழுவினரும் இன்டெல், வியா கருவிகளின் எண்ணை நேரடியாகக் கொடுக்காமல், தங்கள் கலவைக்குள் செலுத்தியே கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள்.

கலப்பது எப்படி உதவும் என்று கேட்டால், சின்ன வயதில் விளையாடிய ஒத்தையா ரெட்டையாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் விரல்களை நீட்டுகிறோம். கூட்டினால் ஒற்றையா இரட்டையா? எதிராளி ஏமாற்றுக்காரனாக இருக்கட்டும், எத்தனை விரல் நீட்டுவது என்று முன்பே முடிவு செய்துகொண்டு வரட்டும். என் விரல்கள் அவனுக்குத் தெரியாதவரை கூட்டுத்தொகையை அவன் தீர்மானிக்க முடியாது. பத்துப் பேர் ஆடினால் ஒன்பது பேர் கூட்டுச் சேர்ந்தாலும் ஒரு நேர்மையானவன் போதும். யார் அந்த நேர்மையானவன் என்று தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆனால் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு: என் விரலைப் பார்த்துவிட்டு அவன் நீட்டக் கூடாது. பிராசசர் விஷயத்தில் இது சின்னச் சங்கதி இல்லை. கலவை முழுவதும் அதே பிராசசருக்குள்தான் நடக்கிறது. கெட்ட சில்லு மற்ற எண்களைப் பார்த்துவிட்டு அவற்றைச் சரிக்கட்டுகிற மாதிரி கடைசியில் தன் எண்ணைக் கொடுக்கலாமே என்று அப்போதே சிலர் சொன்னார்கள். அதனால் சில்லின் எண்ணைக் கடைசியில் கூட்டாமல் முன்னதாகவே போட்டு எல்லாவற்றோடும் சேர்த்து அரைக்கும்படி லினக்சில் மாற்றினார்கள். சில்லு முழுக்கவே எதிரியின் ஆள் என்றால் இதுவும் போதாது. அப்போது தற்செயல் எண் மட்டும் இல்லை, எதுவுமே மிச்சம் இருக்காது. 2018இல் லினக்ஸ் இன்னொன்றும் செய்தது: இந்த இயந்திரம் எழும்பும்போது பிராசசரின் தற்செயலை நம்பலாமா வேண்டாமா என்று இயந்திரத்தை அமைப்பவரே முடிவு செய்யும்படி ஒரு தெரிவை வைத்தது. நம்பிக்கை என்பது சத்தமில்லாமல் உள்ளே இருந்த ஒன்று. அதை வெளியே எடுத்து ஒரு கேள்வியாக மேசை மேல் வைத்ததை நான் முக்கியமானதாக நினைக்கிறேன்.

6

தற்செயலை எப்படி நம்புவது என்பது பழைய கேள்வி. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை எடுக்கும் முறையை விவரிக்கின்றன. குடத்தை எல்லோரும் பார்க்கும்படி மூத்தவர் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாசித்த பெயரைக் கூடியிருப்பவர்களும் வாசிக்க வேண்டும். வந்த பெயர் தற்செயல்தானா என்று பெயரைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஆகவே பெயரைச் சரிபார்க்காமல், எடுக்கிற கையைச் சரிபார்த்தார்கள். இதை வைத்து நம் முன்னோர் ஜனநாயகம் என்று மேடையில் முழங்குகிறவர்கள், நிலமும் வேதமும் உள்ள பார்ப்பன ஆண்களின் பெயர் மட்டும்தான் அந்தக் குடத்துக்குள் போனது என்பதை மறைத்துவிடுவார்கள். குடத்துக்குள் எது போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறவனிடம்தான் அதிகாரம் இருந்தது. ஆனாலும் விரித்த ஐந்து விரல் என்பது ஒரு படிப்பினை. சில்லு என்பது மூடிய கை.

அதை விரிக்க வைக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. வரைபடத்தையே பகிரங்கமாக வைக்கும் சில்லுத் திட்டங்கள் வந்திருக்கின்றன. 2019இல் அறிவிக்கப்பட்ட ஓப்பன்டைட்டன் அதில் ஒன்று. வரைபடம் திறந்திருந்தாலும் தொழிற்சாலை மூடியிருக்கிறது, மாசுப் பொருளை மாற்றும் மோசடியை வரைபடம் காட்டிக்கொடுக்காது. என்றாலும், கேட்கக்கூடிய கேள்விகளின் எண்ணிக்கை கூடுகிறது.

நம் வேலைக்கு இதிலிருந்து என்ன? பூட்டைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பூட்டில்லாத வீட்டைவிடப் பூட்டிய வீடு மேல். போனே கைப்பற்றப்பட்டாலோ, உள்ளே உளவு நிரல் புகுந்தாலோ எவ்வளவு நல்ல சாவியும் உதவாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நான் சொல்வது, 'பாதுகாப்பானது' என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும் என்பதுதான். இதில் எதை நானோ என் சார்பில் வேறொருவரோ சரிபார்க்க முடியும்? எதை நம்பித்தான் ஆக வேண்டும்? நம்பித்தான் ஆக வேண்டிய இடத்தில் ஒருவனை மட்டும் நம்பாதே, பலரைக் கலந்து வை, ஒருவன் கெட்டாலும் மொத்தமும் கெடாதபடி செய். லினக்ஸ்காரர்கள் சில்லுக்குச் செய்த இந்த ஏற்பாடு அமைப்புகளுக்கும் பொருந்தும், கட்சிகளுக்கும் பொருந்தும். ஒரே தலைவர், ஒரே செயலாளர், ஒரே பொருளாளர் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு 'நம்ம ஆளு' என்று நிம்மதியாகத் தூங்கி ஏமாந்த அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை?

அடுத்த முறை கூடியபோது அச்சக நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சாவிய யாரு செஞ்சதுன்னு கடைசி வரைக்கும் தெரியாதுங்கற?" என்றார். தெரியாதுதான். தெரியாது என்பது தெரிந்து அனுப்புவது வேறு, தெரியும் என்று நினைத்துக்கொண்டு அனுப்புவது வேறு. அறிக்கையை அனுப்பினோம். இரண்டு பெயர்களை மட்டும் போனில் ஏற்றாமல் நேரில் போய்ப் பார்த்து வாங்கிக்கொண்டோம்.